டிப்ளமசி: பாதி ஆட்டத்தில் இத்தாலிக்கு மாற்றல் வந்தால்

டிப்ளமசி என்கிற பலகை ஆட்டத்தை வாங்கலாமா வேண்டாமா என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு பேர் உறுதியாகக் கிடைப்பார்கள், எட்டாவதாக ஒருவரைக் கூப்பிட்டால் வருவார், சண்டை வந்தாலும் மறுநாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தக் காசுக்கு ஒரு நல்ல கேரம் போர்டு வாங்கிவிடலாம். எட்டாவது ஆள் எதற்கு என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

டிப்ளமசி தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். 1901ஆம் வருட ஐரோப்பாவின் வரைபடம்தான் பலகை. இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என ஏழு வல்லரசுகள், ஆளுக்கு ஒன்று. பகடை கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது, படைகளை நகர்த்துவதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. வரைபடத்தில் 34 சப்ளை சென்டர்கள், அதாவது ஆளுக்கொரு படைக்குச் சோறு போடும் ஊர்கள், இருக்கின்றன. 18 பிடித்தவர் ஜெயித்தார். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் கால் மணி நேரம், முதல் சுற்றுக்கு மட்டும் அரை மணி நேரம், யாரும் யாரோடும் தனியாக ஒதுங்கிப் பேசலாம். சத்தியம் செய்யலாம், புளுகலாம். அப்புறம் அவரவர் படைகளுக்கான உத்தரவை ரகசியமாகச் சீட்டில் எழுதி, எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் படிக்க வேண்டும். பேசியது யாரையும் கட்டுப்படுத்தாது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. எழுதியதுதான் செல்லும். ஆனால் எல்லாப் படைக்கும் ஒரே பலம். பக்கத்துப் படை ஆதரவு கொடுக்காவிட்டால், நின்றுகொண்டிருக்கும் ஒரு படையை அசைக்கக்கூட முடியாது. அதனால் பேசாமல் ஆட வழியே இல்லை.

இதை உருவாக்கியவர் ஆலன் கால்ஹமர். 1954இல் வடிவம் கொடுத்து, கம்பெனிகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் 1959இல் சொந்தக் காசைப் போட்டு 500 பெட்டி வெளியிட்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில் தபால்காரராக வேலை பார்த்தார். இந்த ஆட்டம் வருடக்கணக்கில் தபாலிலேயே ஆடப்பட்டது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு ஒரு திருப்தி.

எங்கள் ஆட்டம் டெல்லி ஆர்.கே.புரத்தில், அரசுக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், சனிக்கிழமை மாலைகளில். மலை மந்திர் போய்விட்டு வருகிறவர்கள் வருவதற்குள் ஆறரை ஆகிவிடும். முழு ஆட்டம் ஆறு மணி நேரத்துக்குக் குறைந்து முடியாது. குடும்பஸ்தர்களால் அது ஆகாது. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு சுற்று, அதாவது ஒரு வாரம் வசந்தம், மறுவாரம் இலையுதிர்காலம் என்று வைத்துக்கொண்டோம். நடுவில் பலகையை செல்போனில் படம் எடுத்துவிட்டு, பெட்டியைப் பீரோ மேல் ஏற்றிவிடுவோம். உட்கார்ந்துவிட்டால் பேர் போய் நாடு வந்துவிடும். "துருக்கிக்குச் சர்க்கரை போடாத காபி" என்று என் கணவர் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்.

நான் ஆஸ்திரியா. நடுவில் மாட்டிக்கொண்ட நாடு. இத்தாலியா, ரஷ்யாவா, துருக்கியா, முதலில் யார் ஏறி மிதிப்பார்கள் என்பதுதான் கேள்வி. இத்தாலியை ஆடியவர் கீழ்வீட்டு இன்ஜினியர். அரசு வேலை, பேச்சு குறைவு, சொன்னால் சொன்னது. அவரோடு பால்கனியில் நின்று பேசி முடித்தது இவ்வளவுதான்: இத்தாலி எல்லையை ஒட்டிய என் ட்ரியெஸ்டிலும் டைரோலிலும் இரண்டு பேரும் படை வைக்கக்கூடாது, அவர் கப்பல்களைக் கிழக்கு மத்தியதரைக் கடலுக்கு அனுப்பி, டூனிஸில் இருக்கும் படையைச் சிரியாவில் இறக்கித் துருக்கியின் முதுகில் ஏறுவார், நான் பல்கேரியா பக்கம் முன்னால் இருந்து தள்ளுவேன். பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு லெபாண்டோ என்று பேர் வைத்திருக்கிறார்கள். 1902 வசந்தம் வரை கச்சிதமாக நடந்தது. என் ஐந்து படையும் தெற்கிலும் கிழக்கிலும் முகம் திருப்பி நின்றன. ட்ரியெஸ்ட் காலி.

அந்த வாரம்தான் அவருக்கு குவாஹாட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. மத்திய அரசில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆர்டர் வரும்வரை வராது, வந்துவிட்டால் உடனே ரிலீவ். அடுத்த சனிக்கிழமை அவர் இல்லை.

இங்கேதான் விதிப்புத்தகத்தின் குறை. ஒரு ஆட்டக்காரர் பாதியில் போய்விட்டால் அந்த நாட்டில் அரசாங்கம் கவிழ்ந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. படைகள் நின்ற இடத்தில் நிற்கும், ஒன்றுக்கொன்று ஆதரவும் கொடுக்காது. மற்றவர்கள் வந்து பிடுங்கிக்கொள்ளலாம். ஏழு பேருக்கு வகுத்த ஆட்டத்தில் இது சரிப்படாது. இத்தாலி பிணமானால் பிரான்ஸுக்குத்தான் கொண்டாட்டம். இன்னொரு வழி, மாற்று ஆள். எங்கள் வீட்டில் எல்லாரும் அதற்குத்தான் கை தூக்கினார்கள், நானும்தான். வந்தவர் இன்ஜினியரின் மச்சினன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, துவாரகாவில் வீடு, படு கெட்டிக்காரப் பையன்.

வந்து உட்கார்ந்ததும் பலகையை நன்றாகப் பார்த்தான். "அக்கா, ட்ரியெஸ்ட் ஏன் காலியா இருக்கு?"

சொன்னேன்.

"அத்திம்பேர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே. எங்கேயாவது எழுதி வெச்சிருக்கா?"

எழுதி வைக்கிற ஆட்டமா இது. சரி, இப்போது உன்னிடம் சொல்கிறேன், அதே ஏற்பாட்டைத் தொடரலாம் என்றேன். "யோசிக்கிறேன் அக்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, துருக்கியோடு பால்கனிக்குப் போனான். கால் மணி நேரத்தில் பன்னிரண்டு நிமிஷம் அங்கேதான்.

சீட்டுகளைப் பிரித்துப் படிக்கிற வேலை என் மகளுடையது. இத்தாலியின் சீட்டு கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுத்ததுபோல் குண்டு குண்டாக எழுதியிருந்தது. அயோனியன் கடல் கப்பல், நில். கிழக்கு மத்தியதரைக் கடல் கப்பல், நில். டூனிஸ் படை, நில். அதற்கப்புறம் அவள் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படித்தாள்: வெனிஸ் படை, ட்ரியெஸ்டுக்கு. பல்கேரியாவில் நான் இரண்டு பலத்தோடு முட்டினேன், துருக்கி இரண்டு பலத்தோடு நின்றார், ஒன்றும் அசையவில்லை. சிரியாவில் யாரும் இறங்காததால் அவருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இலையுதிர்காலச் சுற்று என்பதால் ட்ரியெஸ்ட் கணக்கில் இத்தாலிக்குப் போனது, நான் ஒரு படையைப் பலகையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டேன்.

அவன் மேல் கோபப்பட நியாயம் இல்லை. அவனுக்குக் கைமாறியது நாலு காயும் ஒரு நாற்காலியும். பால்கனியில் கொடுத்த வாக்கு குவாஹாட்டிக்கு ரயிலேறிவிட்டது. வாக்கு கொடுத்தது இத்தாலி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்ஜினியர்தான் கொடுத்திருந்தார் என்பதை இந்த ஆட்டம் ஒரு சீட்டில் எழுதிக் காட்டிவிட்டது. இந்தப் பெட்டியின் நிஜமான மதிப்பு எனக்கு அங்கேதான் தெரிந்தது. இதற்கு நான் ஐந்துக்கு ஐந்து தருவேன், தோற்ற கட்சியாக இருந்தும்.

ரஷ்யாவை ஆடுகிற முனிர்கா மாமா, வெளியுறவு அமைச்சக அலுவலகம் இருந்த சவுத் பிளாக்கில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இது போதும். "ஏம்மா, லிட்வினோவ் கதை தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். 1939. சோவியத் வெளியுறவு அமைச்சர் லிட்வினோவ், ஹிட்லருக்கு எதிராக பிரிட்டன், பிரான்ஸோடு கூட்டு வேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர். ஏப்ரல் 17ஆம் தேதி மூன்று நாட்டுக் கூட்டணிக்கு யோசனை கொடுக்கிறார். லண்டன் பதில் சொல்ல இழுத்தடிக்கிறது. மே 3ஆம் தேதி ஸ்டாலின் அவரை நீக்குகிறார். பிரிட்டனின் பதில் வந்து சேரும்போது நாற்காலியில் மோலடோவ். ஆகஸ்ட் 23இல் அதே மோலடோவ் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்போடு ஒப்பந்தம் போட்டுவிட்டார். லிட்வினோவ் யூதர், அவர் இருக்கும்வரை பெர்லின் நம்பிப் பேசியிருக்காது. "ஆளை எடுத்ததே ஒரு மூவ்மா. சீட்டில் எழுதாத மூவ். உன் மச்சினப் பையன் விஷயத்துலேயும் நீ நாற்காலி மாறின அன்னிக்கே ட்ரியெஸ்டுல படையைக் கொண்டுவந்து போட்டிருக்கணும்."

மாமா சொன்னதில் பாதிதான் பொருந்துகிறது. ஸ்டாலின் வேண்டுமென்றே ஆளை மாற்றினார். எங்கள் இன்ஜினியரை மாற்றிய அதிகாரிக்கு ட்ரியெஸ்ட் என்று ஒரு ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும் என்பது உண்மை. துருக்கி அன்றைக்கு மச்சினனைத் தேடிப் போனதே அதனால்தான். ஆள் மாறினால் கதவு திறக்கிறது, யார் முதலில் நுழைகிறார்கள் என்பதுதான் விஷயம்.

நம்மவர்கள் கதைக்கு வருவோம், அதில்தான் எனக்கு மாமாவோடு தகராறு. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தி கொழும்புக்கு அனுப்பியது ஜி.பார்த்தசாரதியை. இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனேயோடு பேசி 'அனெக்ஸர் சி' என்ற யோசனைப் பட்டியலைக் கொண்டுவந்தவர். 1985இல் ராஜீவ் காலத்தில் வெளியுறவுச் செயலாளராக வந்த ரொமேஷ் பண்டாரி அந்த வேலையைக் கையில் எடுத்தார், பார்த்தசாரதி ஒதுங்கினார். இலங்கை அரசும் தமிழ் இயக்கங்களும் உட்கார்ந்த திம்புப் பேச்சு நடந்தது, முறிந்தது. 1986இல் ஏ.பி.வெங்கடேஸ்வரன் செயலாளர். 1987 ஜனவரியில் ராஜீவ், நிருபர்கள் நிறைந்த அரங்கில், சீக்கிரமே புது வெளியுறவுச் செயலாளரோடு பேசுவீர்கள் என்று சொல்ல, அங்கேயே உட்கார்ந்திருந்த வெங்கடேஸ்வரன் அன்றே ராஜினாமா செய்தார். அதே வருஷம் ஜூலை 29இல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம். இந்தப் பக்கம் இத்தனை பேர் மாறினார்கள், அந்தப் பக்கம் ஆரம்பம் முதல் கடைசி வரை ஜெயவர்தனே ஒருவர்தான். ஆள் மாறாமல் இருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு புது ஆளிடமும் "அக்கா, இது ஏன் காலியா இருக்கு?" என்ற கேள்வி இருந்திருக்குமே, அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் தனக்கு வசதியான பதிலைச் சொல்ல முடியுமே என்பதுதான் என் கேள்வி. மாமா அப்போது சவுத் பிளாக்கில் இருந்தவர். இந்த இடத்தில் மட்டும் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு பலகையைப் பார்ப்பார்.

மாற்றலை ஒழுங்காகச் செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது, அதையும் மாமாதான் சொன்னார். டி.பி.தர் 1969 முதல் மாஸ்கோவில் நம் தூதர். சோவியத்தோடு நட்பு ஒப்பந்தம் போடலாமா என்ற பேச்சு அவர் காலத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. 1971இல், கிழக்கு வங்காள அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் டெல்லிக்கு அழைக்கப்பட்டு வெளியுறவு அமைச்சகத்தின் கொள்கைத் திட்டக் குழுவுக்குத் தலைவரானார். மாஸ்கோவில் அவர் இடத்துக்கு ஷெல்வாங்கர் வந்தார். ஆனால் ஒப்பந்த ஃபைல் தர் கையிலேயே இருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் வாசகத்தை முடிக்க அவரே மாஸ்கோ போனார். ஆகஸ்ட் 9ஆம் தேதி டெல்லியில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் க்ரோமிகோவும் கையெழுத்து போட்டார்கள். 12 ஷரத்து, 20 வருஷம். நாற்காலி மாறியது, ஃபைல் மாறவில்லை.

ஆளை எடுக்கச் சொல்லி நெருக்கியும் எடுக்காத கதையும் உண்டு. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒப்பந்தம் இழுபறியில் இருந்தபோது, தூதர் ரோனன் சென் தலை வெட்டிய கோழிகள் என்று ஒரு பேட்டியில் சொல்லப்போக, நாடாளுமன்றமே கொதித்தது. திரும்ப அழை என்றார்கள். அவர் மன்னிப்பு கேட்டார், உரிமைக் குழு முன்னால் வந்து நின்றார், வாஷிங்டனில் தொடர்ந்தார். 2008 அக்டோபர் 10இல் ஒப்பந்தம் கையெழுத்தானபோதும் அவர்தான் தூதர்.

தர் வழி நன்றாக இருக்கிறதே என்று நாங்களும் பார்த்தோம். அடுத்த ஆட்டத்தில் பிரான்ஸை ஆடிய அக்காவுக்குப் பாதியில் சென்னைக்கு மாற்றல். நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்து சீட்டு எழுதட்டும், பேச்சுவார்த்தையை மட்டும் அக்கா வாட்ஸ்அப்பில் நடத்தட்டும் என்று வைத்தோம். பாதிதான் தேறியது. சென்னையில் இருந்துகொண்டு அக்கா இங்கிலாந்துக்கு வாக்கு கொடுப்பார்; இங்கே உட்கார்ந்திருப்பவர் பலகையைப் பார்த்து அவர் புத்திக்குப் பட்டதை எழுதுவார். இங்கிலாந்து வெறுத்துப்போய், "யார் கையில பேனா இருக்கோ அவங்களோடதான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டார். 1939இல் அந்த மூன்று நாட்டுக் கூட்டணி பற்றிப் பேச மெதுவான கப்பலில் கிளம்பி மாஸ்கோ வந்து சேர்ந்த பிரிட்டிஷ் அட்மிரல் டிராக்ஸிடம், உங்களுக்கு எழுத்தில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று சோவியத் பாதுகாப்பு அமைச்சர் வோரோஷிலோவ் கேட்டதும் அவர் கையில் ஒன்றும் இல்லாமல் விழித்ததும் இதே சங்கடம்தான். தர் போய்வந்ததில் வேலை நடந்ததற்குக் காரணம், அவருக்குப் பின்னால் பிரதமர் இருந்தது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது எங்கள் வீட்டு விதி இது. எட்டாவது ஆள் முதல் சுற்றிலிருந்தே ஆட்டத்தில் இருப்பார், ஆனால் வாய் திறக்கமாட்டார். யாரும் அவரைப் பால்கனிக்குக் கூட்டிப்போகலாம், அவர் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். யாருக்காவது மாற்றல், பரீட்சை, பிரசவம் என்று வந்தால் அந்த நாட்டை அவர் எடுத்துக்கொள்வார். போகிறவர் அவரோடு தனியாக உட்கார்ந்து சார்ஜ் கொடுக்க வேண்டும். என்ன சொல்லலாம், எதை மறைக்கலாம் என்பது போகிறவர் இஷ்டம். புது ஆள் முதல் சீட்டு எழுதுவதற்கு முன்னால், பழைய ஆளோடு கூட்டு வைத்திருந்தவருக்குத்தான் முதல் ஐந்து நிமிஷம். அதற்கப்புறம்தான் துருக்கிகள் நுழையலாம். இந்த ஐந்து நிமிஷ விதி மட்டும் நான் சண்டை போட்டு வாங்கியது.

கூட்டம் சேராதவர்கள் இணையத்தில் ஆடலாம். வெப்டிப்ளமசி, பேக்ஸ்டாபர் இரண்டிலும் காசு வேண்டாம். வெப்டிப்ளமசியில் ஒருவர் ஓடிப்போனால் அந்த நாட்டை வேறு யாராவது எடுத்து நடத்தலாம். ஆனால் அங்கே எதிரில் இருப்பது மனுஷனா என்பதே சந்தேகம்: 2022இல் மெட்டா கம்பெனி சிசரோ என்ற செயற்கை நுண்ணறிவை அங்கே 40 ஆட்டம் ஆடவிட்டு, முதல் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டது என்று அறிவித்தது. சிசரோவுக்கு குவாஹாட்டி மாற்றல் வராது, அது ஒரு சௌகரியம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தோற்றவர் சீக்கிரமே வெளியேறி, மற்றவர்கள் ஆடுவதை மணிக்கணக்கில் பார்க்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழ் குழந்தைகள் வேண்டாம். அப்பா பொய் சொல்கிறார் என்று அழுதுவிடும். விலை உறைக்கும். நான் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய பெட்டி ஏற்கனவே பிரித்து ஒட்டியது போலிருந்தது, இத்தாலியின் பச்சைக் கப்பலில் இரண்டைக் காணோம். கேட்டால் முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதற்குள் ஆட்டம் 1901 தாண்டிவிட்டது. மகள் இரண்டு புளியங்கொட்டைக்குப் பச்சை நெயில் பாலிஷ் அடித்துக் கொடுத்தாள். கடையில் வாங்குகிறவர்கள் அங்கேயே பிரித்து நிறம் நிறமாக எண்ணிவிடுங்கள். புளியங்கொட்டை அட்ரியாட்டிக்கில் நிற்காமல் வழுக்குகிறது, அடியில் துளி எம்-சீல் வைத்துத் தட்டையாக்கினால் நிற்கும்.